ஏழரைக் கட்டையின் இன்மை: வீட்டில் செய்த மவுத் ஆர்கன் பெட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரைக்கு ஒரு முன்னுரை

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். கட்டுரையாளர் தமக்குக் கிடைத்த இருபது நிமிடத்தில் பதினெட்டை, தம் தலைப்பில் உள்ள ‘ஓர்’ என்பது ‘ஒரு’ என்று இருந்திருக்க வேண்டுமா என்பதற்குச் செலவிட்டார். மீதி இரண்டில் நன்றி சொல்லி இறங்கினார். கை தட்டினோம். சாப்பாட்டில் இரண்டு வகைப் பாயசம். அன்று பேருந்தில் திரும்பும்போதுதான், எட்டு மாதமாக நான் செய்துகொண்டிருப்பதும் ஆய்வுதான் என்பது உறைத்தது. அதுவரை, மவுத் ஆர்கன் வைக்க ஒரு பெட்டி செய்துகொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன்.

இப்பொருளில் தமிழில் முன்னாய்வு ஏதும் இல்லை. இருக்கிறதா என்று நான் தேடவில்லை; தேடாமல் இல்லை என்று எழுதுவதே மரபு. 1975இல் வந்த ‘ஷோலே’ படத்தில் அமிதாப் பச்சன் இரவில் தனியே உட்கார்ந்து மவுத் ஆர்கன் ஊதுகிறார். அதற்கு உண்மையில் வாசித்தவர் பானு குப்தா என்பது வரை பதிவாகியிருக்கிறது. ஊதி முடித்ததும் அதை எந்தப் பெட்டியில் வைத்தார் என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இதைத்தான் ஆய்வு இடைவெளி என்பார்கள். இந்த இடைவெளிக்குள் நான் நுழைகிறேன்.

பொருள் வரையறை

மவுத் ஆர்கனைத் தொழிலாக வளர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மத்தியாஸ் ஹோனர். ஜெர்மனியில் ட்ரோசிங்கன் ஊரைச் சேர்ந்த கடிகாரக்காரர், 1857இல் தொடங்கினார். கருவியை அவர் கண்டுபிடிக்கவில்லை. பிறர் செய்ததைப் பார்த்துக் கற்று, தம் பெயரைத் தகட்டில் பொறித்து விற்றார். ஆய்வுலகுக்கு இது புதிதல்ல.

அவருடைய நிறுவனம் 1896இல் கொண்டுவந்த ‘மெரைன் பேண்ட்’ இன்றும் கிடைக்கிறது. பத்துத் துளை, இருபது பித்தளை நாக்கு, மேலும் கீழும் தகடு, நடுவில் பேரிமரக் கட்டை. அந்த நடுக்கட்டையில் பற்கள் வரிசையாக இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்குச் சீப்பு என்றே பெயர். இக்கருவியை முதன்முதலில் பார்த்த அன்றே, எந்த இசைப் பயிற்சியும் இல்லாத என் மனைவி, “அந்தச் சீப்ப வாயில வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?” என்று கேட்டாள் (சமையலறை உரை, செவ்வாய், இரண்டாம் விசிலுக்குப் பின்). இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கினால் கட்டுரை சிறுத்துவிடும்.

பத்துத் துளை ஆர்கன் ஒன்று ஒரு சுருதிக்குத்தான் சரிவரும். பாடுகிறவர் சுருதியை மாற்றினால் ஆர்கனை மாற்ற வேண்டும். சுருதி பன்னிரண்டு, ஆகவே ஆர்கனும் பன்னிரண்டு. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அரைச்சுரமும் வரும் குரோமாட்டிக் ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாத் துறையிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை.

வகைப்பாடு

அட்டைப்பெட்டி: ஆடிக்காற்றுக்கு ஆகாது.

மூக்குக்கண்ணாடிக் கூடு: ஒன்றுக்குக் கச்சிதம். பன்னிரண்டு கூடு சேர்க்க ஒரு குடும்பத்தில் அத்தனை கண் கெட்டிருக்க வேண்டும்.

பிஸ்கட் டப்பா: தமிழ் வீடுகளில் வெளிநாட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசியும் நூலும்தான் இருக்கும். இதை மாற்றும் துணிவு இந்த ஆய்வாளனுக்கு இல்லை.

அஞ்சறைப் பெட்டி: இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெயரில் அறை ஐந்து. எங்கள் வீட்டு எவர்சில்வர் பெட்டியில் கிண்ணம் ஏழு. இந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடுகும் வெந்தயமும் கேட்காமலே உள்ளே போகின்றன. பெயருக்கும் அறைக்கும் இடையே இரண்டு கூடுவது பெட்டிகளின் இயல்பு என்பதை வாசகர் இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நூற்பாவும் உரையும்

எதற்கும் ஒரு நூற்பா வேண்டும். கிடைக்காததால் நானே செய்தேன்:

பலகை ஆறும் கீலிரு புறமும்
கொண்டியும் உடைத்தாய் உலர்ந்தன கொள்வது
பெட்டி என்று பேசப் படுமே.

உரையும் நானே. ‘கொண்டியும்’ என்ற உம்மையான் பெவிக்காலும் உப்புத்தாளும் கொள்க. ‘உலர்ந்தன’ என்று வேண்டாது கூறியதனான், வாசித்த ஈரத்தோடு பெட்டிக்குள் வைக்கலாகாது என்பதும், துளைப்பக்கம் உள்ளங்கையில் படத் தட்டி, ஆறவிட்டு, அதன்பின்னரே வைக்க வேண்டும் என்பதும் பெறப்படும். மரக்கட்டை எச்சிலைக் குடித்தால் ஊதிக்கொள்ளும். ஊதிய பற்கள் வெளியே நீட்டி உதட்டைக் கிழிக்கும். கட்டையை நாம் ஊதலாம், கட்டை ஊதக் கூடாது என்பது கருத்து. ‘பேசப்படுமே’ என்ற ஏகாரம் ஈற்றசை. அதற்கும் ஒரு பொருள் கண்டு முனைவர் பட்டம் வாங்க இடம் வைத்திருக்கிறேன்.

அந்துருண்டை போடலாமா என்பது அடுத்த வினா. கூடாது. வாயில் வைக்கிற பொருளோடு அதை வைக்கக் கூடாது என்பது பின்னால் தெரிந்தது. நான் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் வாயெல்லாம் பழைய பட்டுப்புடவை மணம். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போதும்.

செய்முறை

ஆர்கன் சுமார் 10 செ.மீ. நீளம். துளை மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தால், 11 செ.மீ. நீளமும் இரண்டரை செ.மீ. அகலமும் உள்ள அறை போதும். 6 மி.மீ. பிளைவுட். அறைகளின் அடியில் மெத்தென்று இருக்கப் பழைய ஹவாய் செருப்பை வெட்டி ஒட்டினேன். அதை அத்தை பார்த்துவிட்டார். “வித்தையை வைக்கிற எடத்துல செருப்பாடா? சரஸ்வதி பூஜையன்னிக்கு இந்தப் பொட்டிய எங்க வைப்ப?” (திண்ணை உரை, காபிக்கு முன். காபிக்குப் பின் வந்த திருத்திய பதிப்பில் என்னைக் குறித்த இரு அடைமொழிகள் நீக்கப்பட்டுள்ளன.) செருப்பைப் பிய்த்து எடுத்தேன். பழைய கம்பளியை ஒட்டினேன். செய்முறையில் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

சிக்கல்

உள்ளறுப்பு வேலை எனக்கு வராது என்பதால் தெருக்கோடி ஆசாரியிடம் கொடுத்தேன். ஒவ்வோர் அறைக்கும் கட்டை எண் எழுத வேண்டும் என்று துண்டுச்சீட்டில் குறித்துக் கொடுத்தேன்: ‘ஒன்று முதல் ஏழு கட்டை வரை, அரைக்கட்டையும் சேர்த்து.’

நம் பாடகர்கள் சுருதியைக் கட்டையால் சொல்வது தெரிந்ததே. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று, இரண்டு என்று முழு எண். கறுப்புக்கு ஒன்றரை, இரண்டரை என்று அரை. ஆனால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. ஆகவே உலகத்தில் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. ஏழரைக் கட்டையும் இல்லை. ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு, மொத்தம் பன்னிரண்டு.

ஆசாரி பெட்டியைக் கொண்டுவந்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு அறை. அழகான வேலை. ஒவ்வோர் அறை வாயிலும் பென்சிலால் எண். “ஏழு முழுசு, ஏழு அரை. பதினாலு. சரியா சார்?” என்றார்.

கணக்கில் தப்பே இல்லை. பிரபஞ்சத்தில்தான் இரண்டு குறைகிறது.

பதினான்கு அறை குறித்த கொள்கைகள்

இந்த இரண்டு அறைகளைப் பற்றி எங்கள் தெருவில் மட்டும் நான்கு கொள்கைகள் நிலவுகின்றன.

முதலாவது, ஏடெழுதுவோர் பிழைக் கொள்கை. துண்டுச்சீட்டை எழுதியவன் பிழை செய்தான் என்பது. எழுதியவன் நான் என்பதால் இதை மறுக்கிறேன்.

இரண்டாவது, இடைச்செருகல் கொள்கை. மூலப்பெட்டி பன்னிரண்டு அறைதான், பிற்காலத்தார் எவரோ இரண்டைச் செருகிவிட்டார்கள் என்பது. பிடிக்காத செய்யுளை எல்லாம் இடைச்செருகல் என்று தள்ளும் பேராசிரியர்களுக்கு இது இனிக்கும். அவர்கள் பார்த்ததிலேயே, உண்மையில் இடையில் செருகப்பட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, கடல்கோள் கொள்கை. மாடி வீட்டுப் பெரியவருடையது. ஆதியில் மூன்றரைக் கட்டை இருந்தது, ஏழரையும் இருந்தது, இரண்டையும் கடல் கொண்டது என்கிறார். ஆதாரம் கேட்டேன். “இல்லாம இருந்திருந்தா கடல் ஏன்யா கொண்டுபோவுது?” என்றார். ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு படித்தால் அதில் ஓட்டை தெரிகிறது. அவர் சொல்லும்போது தெரியவில்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்ததே, அந்த முப்பத்தோர் ஆண்டில் யாரும் பார்க்காதபோது ஒரு கட்டை நழுவியிருக்கலாம் என்பது இதே கொள்கையின் மிதவாதக் கிளை.

நான்காவதுதான் முக்கியம். ஏழரை என்று எழுதிய அறையை அத்தை பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஏழரையக் காசு கொடுத்து வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கான்” என்றார். ஒரு ராசிக்கு இரண்டரை வருஷமாகச் சனி மூன்று ராசியில் நிற்பதுதான் ஏழரை. என் பெட்டியில் இரண்டரைக்கும் அறை உண்டு, மூன்றுக்கும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் ஏழரை. மூன்றரையும் நான்கும் பக்கத்துப் பக்கத்து அறைகள், கூட்டினாலும் ஏழரை. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? அத்தை சனிக்கிழமைதோறும் அந்த அறையில் நாலு எள் போடுகிறார். ஐந்து கட்டையில் ‘ஸ’ வாசித்தால் இப்போது எள் பறக்கிறது.

இந்நான்கையும் ஒப்புநோக்கி உண்மை காண மூலச்சீட்டைத் தேடினேன். கிடைத்தது (மூலம்: மளிகைக் கணக்கின் பின்புறம், பென்சில் எழுத்து, முதல் வரி இழைப்புளித் தூளால் மறைந்துள்ளது, இரண்டாம் வரியில் ‘அரைக்கட்டையும்’ என்பதை ‘அரைக்கிலோவும்’ என்று கடைக்காரர் பாடம் கொள்வர், அதன்படி அரைக்கிலோ துவரம்பருப்பு வந்து சேர்ந்தது, மூன்றாம் வரியின் மேல் டீக்கறை, அக்கறையின் வட்டத்தைச் சுழி என்று கொண்டு எழுபது கட்டை என்று படிப்பாரும் உளர், ஆசாரி படி, அத்தை படி, என் படி என மூன்று படிகள் உள, மூன்றும் ஒன்றோடொன்று முரணும்). இதைச் செம்பதிப்பாகக் கொண்டுவர நிதி கோரியிருக்கிறேன். மனைவி பரிசீலிக்கவில்லை.

இதற்கிடையே நண்பர் ஒருவர், தம் ‘குடைக் காம்பின் வளைவு’ கட்டுரையில் என் பெட்டியை மேற்கோள் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அவர் குடையை இங்கே குறிப்பிட்டுவிட்டேன். மொய்க் கணக்கு சரியாகிவிட்டது.

இன்மையின் வகைகள்

தண்டியலங்காரம் இன்மையை, அதாவது அபாவத்தை, ஐவகையாகப் பிரிக்கிறது. அவற்றில் மூன்று என் பெட்டிக்குள்ளேயே கிடைத்தன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்றரையும் ஏழரையும் எக்காலத்தும் இல்லாதவை. இது என்றும் அபாவம்.

இரண்டு கட்டை ஆர்கனில் ஒரு நாக்கு முறிந்துவிட்டது. பித்தளை, வளைத்து வளைத்து வாசித்தால் தளர்ந்து ஒருநாள் போய்விடும். அந்த அறை இப்போது காலி. இது அழிவுபாட்டு அபாவம்.

நாலரைக் கட்டை ஆர்கன் இருக்கிறது. ஆனால் இங்கே இல்லை. இது உள்ளதன் அபாவம். பன்னிரண்டு ஆர்கன் கொண்ட வழக்கமான வரிசையில் ஐந்து கட்டைதான் கனத்த குரல், நாலரைதான் உச்சக் கீச்சு. பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் ஒலியில் இரு கோடி. அந்தக் கீச்சுக் கோடிதான் இப்போது இல்லை.

ஆக, பதினான்கு அறைப் பெட்டியில் ஆர்கன் பத்து. மூன்றரை அறையில் மனைவி தன் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்கிறாள். அளவு சரியாக இருக்கிறது.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, “ரெண்டு நாள்ல கொடுத்துடறேன்” என்று நாலரைக் கட்டையை வாங்கிப் போன அன்பர் இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடவும். துடைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அறை காலியாகத்தான் இருக்கிறது.