ஓய்வெடுக்கத் தெரியாதவனுக்கு அந்தமான்

அயர்ன்மேன் போட்டியை முடித்துவிட்டு ஊர் திரும்பியவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எவ்ளோ குடுத்தாங்க?" என்பதுதான். அவர்கள் கொடுப்பதில்லை, நாம்தான் கட்ட வேண்டும் என்று சொன்னால் இரண்டாவது கேள்வி வராது. பக்கத்தில் நிற்கும் மனைவியை ஒரு பரிதாபப் பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கூடப் போட்டியிட்டவர்கள் கேட்பது வேறு: "அடுத்தது எப்போ?" ஆளைத் தின்பது இந்தக் கேள்விதான்.

போட்டி ஒரே ஒரு நாள் சங்கதி. முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அது போதாதென்று 42.2 கி.மீ. ஓட்டம். காலையில் தண்ணீரில் இறங்கியவர் பெரும்பாலும் நள்ளிரவுக்குள் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட வேண்டும். என் கொள்ளளவு இதில் பாதி. 1.9, 90, 21.1 கி.மீ. மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், அதுவே அந்தப் போட்டியின் பெயரும். 2019-இல் கோவாவின் மிராமர் கடற்கரைக்கு இது வந்தது. முடிக்க எட்டரை மணி நேரம் தருகிறார்கள். எட்டரை மணி நேரத்தை எப்படியும் ஓட்டிவிடலாம். ஒரு கோவாவுக்கும் அடுத்த கோவாவுக்கும் நடுவே கிடக்கும் மாதங்களை ஓட்டுவதுதான் பெரும்பாடு.

அந்த மாதங்களில் எங்கள் கூட்டத்தாருக்கு இரண்டு வியாதிகள் வரும். முதலாவது, சைக்கிளை வராந்தாவில் சாத்திவைத்து, ஈரத்துண்டு காயப்போடும் கொடியாக மாற்றிவிடுவது. இது குடும்பத்துக்கு உகந்த வியாதி. இரண்டாவது, "போன தடவை கடைசியில் நடந்துவிட்டோமே" என்று மறுவாரமே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது. இதுதான் ஆபத்து. காலையில் கண் விழிக்கும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிட எகிறி நிற்கும். உடம்பெல்லாம் அசதி, ஆனால் படுத்தால் தூக்கம் வராது. சளி பிடித்தால் விடாது. யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழத் தோன்றும். மருத்துவர்கள் இதற்கு ஓவர் ட்ரெயினிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முற்றிவிட்டால் மீண்டு வர மாதக்கணக்கில் ஆகும். இதைக் கண்டுபிடிக்க என் கையில் விலை உயர்ந்த ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருக்கிறேன். என் மனைவிக்கு அதெல்லாம் வேண்டாம். "ஏங்க, சாம்பார்ல உப்பில்லன்னு நேத்தும் சொன்னீங்க, இன்னிக்கும் சொல்றீங்க. நாளைக்கு ஓட வேணாம், தூங்குங்க" என்பாள். இதுவரை அவள் கணிப்பு தப்பியதில்லை. வாட்ச் தப்பியிருக்கிறது.

ஓய்வு என்பது சோம்பேறிகளின் சொத்து என்று நினைப்பவர்களுக்காக மார்க் ஆலன் கதையைச் சொல்ல வேண்டும். ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் 1989 முதல் 1993 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்த அமெரிக்கர். 1994-இல் அவர் அந்தப் போட்டிக்கே வரவில்லை. அடுத்த ஆண்டு, 37 வயதில் வந்தார், ஜெயித்தார், ஆறு பட்டத்தோடு ஒதுங்கிக்கொண்டார். அதே 1995 போட்டியில் பெண்கள் பிரிவில் பவுலா நியூபி ஃப்ரேசர் முன்னணியில் வந்துகொண்டிருந்தார். அதற்குள் ஏழு முறை ஜெயித்தவர். முடிவுக்கோடு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது கால் துவண்டு தெருவில் உட்கார்ந்து, பிறகு படுத்தும்விட்டார். வெகுநேரம் கழித்து எழுந்து வெறுங்காலோடு நடந்து நான்காவதாக முடித்தார். மறு ஆண்டு திரும்ப வந்து எட்டாவது பட்டத்தை வாங்கினார் என்பது தனிக் கதை. இரும்பு மனிதர்களுக்கும் உடம்பு மாமிசத்தில்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி உற்சாகமாக வீட்டில் சொன்னேன். "உலக சாம்பியனே ஒரு வருஷம் லீவு போட்டிருக்காரு. உங்களுக்கு என்ன அவசரம்?" என்று மனைவி கேட்டாள். அதிலிருந்து மார்க் ஆலனைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

மார்க் ஆலன் அளவுக்கு எனக்கு விவேகம் கிடையாது. ஓய்வெடு என்று யார் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, விடியுமுன் சத்தமில்லாமல் கதவைத் திறக்கும் ஜாதி. ஆனாலும் இன்னும் முழுசாக இருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் நான் வசிக்கும் இடம். போர்ட் பிளேர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டில் இன்னும் யார் வாயிலும் அது நுழையவில்லை. இந்தத் தீவு யாரையும் அளவுக்கு மீறி உழைக்க விடாது.

முதலில் சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரும் சேலமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. ஆனால் நாங்கள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால், சேலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எங்களுக்குப் பொழுது விடிந்து, ஒரு மணி நேரம் முன்பே அடைந்தும் விடும். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே. டிசம்பரில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் கடையைக் கட்டிவிடுவார். பெங்களூரிலிருந்து ஆன்லைனில் எனக்குப் பயிற்சி தரும் கோச், "மாலை ஆறு மணி, இரண்டு மணி நேரம் சைக்கிள்" என்று அட்டவணை அனுப்புவார். அந்நேரம் இங்கே கும்மிருட்டு. அந்த இருட்டில் கராச்சர்மா பக்கம் சைக்கிளில் போனால், தெருநாய்கள்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆகவே சாயங்காலம் அநேகமாக விடுமுறை.

அடுத்தது மழை. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டுத்தான் போகும். மே மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். அது ஓய்ந்தால் வடகிழக்கு. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையைப்போல் இரு மடங்கு. மழைக்கும் கடல் காற்றுக்கும் நடுவே சைக்கிள் செயின் படும் பாடு தனி. ராத்திரி துடைத்து எண்ணெய் போட மறந்தால் காலையில் செம்மண் நிறத்தில் சிரிக்கும். டயர் போனால் இன்னும் விசேஷம். நல்ல டயர் மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும். இணையத்தில் தேடி, விலை பார்த்து, பணம் கட்டப் போகும்போது "இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது" என்று வரும். மெயின்லேண்ட் என்றால் மொத்த இந்தியாவும்தான். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். யாராவது சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டும். கப்பல் மூன்று நாள். புயல் சின்னம் என்றால் அதுவும் கிடையாது. இப்படி டயருக்காகக் காத்திருந்த காலங்களில்தான் என் முழங்கால் வலி குணமாகியிருக்கிறது. எந்த பிசியோதெரபிஸ்ட்டும் இவ்வளவு கறாராக ஓய்வு கொடுத்ததில்லை.

நீச்சலுக்குச் சுற்றிலும் கடல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் உப்புநீர் முதலைகளும் இருக்கின்றன. கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 2010-இல் ஹேவ்லாக் தீவில் நீந்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவரை முதலை கொன்றது. அதற்குப் பிறகு இங்கே இதைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. எனவே லைஃப்கார்டு கை காட்டும் இடத்தில், சொல்லும் நேரத்தில்தான் நீந்த வேண்டும். வலை கட்டிய இடமென்றால் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். அப்படியிருந்தும் ஒருநாள் மெதுவான நீச்சல் என்று போட்டிருந்த அன்று என் இதயத்துடிப்பு வானத்துக்கு எகிறியிருப்பதைக் கண்டு கோச் போன் செய்தார்.

"சார், ஈஸி ஸ்விம்தானே போட்டிருந்தேன்? நடுவுல ஏன் ஸ்பிரிண்ட் அடிச்சீங்க?"

"ஒரு மரக்கட்டை மிதந்து வந்துச்சு சார்."

"அதுக்கு?"

"கட்டைதான்னு கரைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

சைக்கிளுக்கு வருவோம். அந்தமான் ட்ரங்க் ரோடு என்ற பெரிய சாலை வடக்கே டிக்லிப்பூர் வரை போகிறது. ஆனால் நகரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் ஜிர்க்காடாங் செக்போஸ்ட். அதற்கப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு, வரிசையாக வாகனங்கள் மட்டும் போகலாம். வழியில் நிற்கக் கூடாது. மிகவும் நியாயமான ஏற்பாடு. தலைமுறை தலைமுறையாக அங்கே நிம்மதியாக வாழும் மக்கள், இறுக்கமான பளபளா உடையில் மூச்சிரைக்க வரும் என்னைப் பார்க்க வேண்டும் என்று எந்தத் தலையெழுத்தும் இல்லை. செக்போஸ்ட்டோடு திரும்பிவிட்டால் போக வர 90 கிலோமீட்டர். கோவாவில் கேட்கும் கணக்கு சரியாக முடிந்துவிடும். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே" என்ற சபலத்துக்கு அரசாங்கமே குறுக்குக் கட்டை போட்டிருக்கிறது.

தீவு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இந்தப் பைத்தியக்காரத்தனம் பிறந்ததே ஒரு தீவில்தான், அதுவும் கடற்படைக்காரர் ஒருவரால். ஓஹாவுத் தீவில் இருந்த ஜான் காலின்ஸ், அங்கே தனித்தனியாக நடந்துவந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் போட்டிகளை ஒரே நாளில் கட்டிவிட்டார். நீந்துகிறவனுக்குத் தெம்பு அதிகமா, ஓடுகிறவனுக்கா என்ற வழக்கைத் தீர்க்க! 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உதவிக்கு வந்த நண்பர்கள் பீரைக் கொடுத்தார்கள். அவர் ஜெயிக்காததில் ஆச்சரியமில்லை. எங்கள் தீவிலும் கடற்படை உண்டு. நாட்டின் முதல் முப்படைக் கட்டளையகமே 2001-இல் போர்ட் பிளேரில்தான் அமைந்தது. தரை, கடல், ஆகாயம் மூன்றையும் ஒரே ஆபீஸில் வைத்துச் சமாளிக்கிற ஊருக்கு, மூன்று விளையாட்டை ஒரே உடம்பில் வைத்துச் சமாளிப்பது புதிதல்ல என்று ஒரு முறை நண்பர்களிடம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மீதி இருப்பது ஓட்டம். நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர் ஸ்டீபன் சைலர் என்ற விஞ்ஞானி. தேர்ந்த வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை மெதுவாகத்தான் செய்கிறார்கள், மீதியைத்தான் முடுக்குகிறார்கள் என்று கண்டார். எவ்வளவு மெதுவாக? ஓடும்போதே தடையில்லாமல் பேச முடிகிற அளவுக்கு. எங்கள் ஊரில் இதற்குத் தனி முயற்சி தேவையில்லை. 2011 கணக்குப்படி இந்தத் தீவுகளில் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 15 சதவீதம். அதில் பாதிப் பேர் நான் ஓடும் பாதையில் விடிகாலையில் பால் வாங்க வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். "என்ன தம்பி, கப்பலுக்கு நேரமாச்சா?" என்பார் அபர்தீன் பஜார் அண்ணாச்சி. நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓடினால் மத்தியானத்துக்குள் வீட்டுக்குத் தகவல் போய்விடும். தாண்டி வந்தால் வங்காளி தாதா ஒருவர் இந்தியில் மாமனார் உடல்நிலையை விசாரிப்பார். என் ஓட்டம் 80 சதவீதம் என்ன, 95 சதவீதம் மெதுவானது.

காரைக்குடியில் இருக்கும் மாமியாருக்கு வேறு கவலை. வீடியோ காலில் என் கன்னத்தைப் பார்த்ததும் மகளிடம் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளைக்கு சுகர் ஏதும் இருக்காடி?" என்பார். என் செலவில் ரத்தப் பரிசோதனை நடக்கும். பயிற்சிக் காலத்தில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது என்பார்கள். அந்த வேலை மாமியார் புண்ணியத்தில் தானாக நடந்துவிடுகிறது.

இந்தத் தீவுகளில் பெருமையடிக்கவும் வழியில்லை, சைக்கிளைப் பற்றி வாய் திறக்குமுன் யோசிக்க வேண்டும். 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலக டிராக் சைக்கிள் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கிய ஈசோ ஆல்பன் நிக்கோபார்ப் பிள்ளை. சைக்கிள் உலகப் போட்டிகளில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். தேசிய அளவில் பதக்கங்களாகக் குவித்த டெபோரா ஹெரால்டு கார் நிக்கோபாரைச் சேர்ந்தவர். 2004 சுனாமியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் உயிரைக் காத்த சிறுமி. இவர்கள் வேலை எல்லாம் வினாடிக் கணக்கில். கோவாவிலிருந்து நான் கொண்டுவந்த மெடலைக் கையில் எடைபோட்டுப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "அங்கிள், ஈசோ அண்ணா பத்து செகண்டுல 200 மீட்டர் போறாரு. நீங்க நாள் பூரா ஓட்டி இதானா வாங்கினீங்க?" முடித்த எல்லாருக்கும் இதே மெடல்தான் கொடுத்தார்கள் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஆகவே, இரண்டு போட்டிகளுக்கு நடுவே உடம்பு தீய்ந்து நிற்கும் அன்பர்கள் சில மாதம் இங்கே வந்து இருந்து பாருங்கள். கடற்கரைப் பலகையைப் படித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள். ஜிர்க்காடாங்கில் திரும்பிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் மறக்காதீர்கள். வரும்போது எனக்கு ஒரு ஜோடி 700க்கு 25 டயர் கொண்டுவாருங்கள், பணம் கையோடு தந்துவிடுகிறேன். அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யும்முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் இன்னும் கேட்கவில்லை, கோவாவுக்குப் பதிவு தொடங்கிவிட்டது.