மாமியாரும் கார்டி ஹவ்வும்

கனடாவில் யாரிடமாவது பேச்சுவாக்கில் "எனக்குப் பிறந்தநாள் ஜனவரி 18" என்று சொல்லிப் பாருங்கள். சாதாரண மனிதர் என்றால் வாழ்த்திவிட்டு வேறு பேச்சுக்குப் போவார். நான் சொல்லும் ரகத்தைச் சேர்ந்தவர் என்றால் கையிலிருக்கும் காபியைக் கீழே வைப்பார். கண்ணை ஒரு நொடி மூடித் திறப்பார். "மார்க் மெஸ்ஸியே. 1961. கிரெட்ஸ்கியைவிட எட்டு நாள் மூத்தவர்" என்பார். அவ்வளவுதான், உங்கள் பிறந்தநாள் கைமாறிவிட்டது.

குடும்பத்துக்கு ஒருவர் வீதம் இங்கே இந்த ரகம் உண்டு. எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வுபெற்ற தபால்காரர், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர். அந்த அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது 1967-இல். மற்ற ஊர்க்காரர்கள் கோப்பைக்கு மோதிக்கொள்ளும் ஜூன் மாதத்தில் இவருக்குச் செய்ய வேலையே இருப்பதில்லை. அந்த ஓய்வில் விளைந்த கலைதான் இது என்பது என் கணிப்பு.

அவர் கணக்குப்படி இது அட்டையில் தொடங்கியது. பபிள்கம்மோடு ஒரே பாக்கெட்டில் ஓ-பீ-சீ கம்பெனியின் ஹாக்கி வீரர் அட்டைகள் வரும். தெருப் பையன்கள் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளில் உரசும்படி துணி கிளிப்பால் மாட்டி, மோட்டார் சத்தம் போட்டபடி சுற்றுவார்கள். இவர் மட்டும் அட்டையைத் திருப்பி முதுகைப் படித்தார். உயரம், எடை, இடப்பக்கம் அடிப்பவரா வலப்பக்கமா, பிறந்த ஊர், பிறந்த தேதி. வெயின் கிரெட்ஸ்கியின் 1979 அட்டை ஒன்று 2021-இல் 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. நம்மவரிடம் அந்த அட்டை இல்லை. தேதி இருக்கிறது: ஜனவரி 26, 1961.

வெறும் தேதி ஒப்பிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூர் ஜோசியர் நட்சத்திரத்தை வைத்துக் குணம் சொல்வதுபோல இவர் பலனும் சொல்வார். இவர் மாமியார் பிறந்தது மார்ச் 31. கார்டி ஹவ் பிறந்த நாள். ஓரப் பலகையருகே நெருங்குபவர்களின் விலாவை முழங்கையால் விசாரிப்பதில் பேர்போனவர் ஹவ். "முப்பது வருஷமா நான் பலகையோரம்தான் நிற்கிறேன்" என்பார் பெரியவர். எண்பது வயதில் மாமியார் கார் ஓட்டுவதை நிறுத்தவேண்டும் என்று பிள்ளைகள் கூடிப் பேசியபோது, இவர் ஒருவர்தான் எதிர்த்தார். ஹவ் 52 வயதுவரை ஆடினாராம், பெற்ற பிள்ளைகள் இருவரோடு ஒரே அணியில். யாராவது அவரை உட்காரச் சொன்னார்களா? மாமியார் முகத்தில் அன்று மருமகன்மேல் முதல்முறையாக ஒரு கனிவு தெரிந்தது. அடுத்த மாதமே அதிவேகத்துக்கு அபராதச் சீட்டு வந்தது. பெரியவர் அசரவில்லை. மார்ச் 31-இல் பாவெல் புரேயும் பிறந்திருக்கிறார்; 'ரஷ்ய ராக்கெட்' என்று பட்டப்பெயர். "இதற்கு ஹவ் பொறுப்பில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மனைவி விஷயம் சிக்கலானது. அவருக்கு அக்டோபர் 5. மரியோ லெமியூ, பாட்ரிக் ருவா இருவருமே 1965-இல் அதே நாளில் பிறந்தவர்கள். மனைவி கியூபெக்காரர், அங்கே மாண்ட்ரியால் அணியின் கோல்கீப்பராக இருந்த ருவாவை மறுத்தால் வீட்டில் சோறு கிடைக்காது. லீஃப்ஸ் ரசிகர் ஒருவர் மாண்ட்ரியால்காரரைத் தன் கேக்மேல் ஏற்றவும் முடியாது. ஆகவே ஒரு வருஷம் லெமியூவின் சட்டை எண்ணை மெழுகுவத்தியாக வாங்கிவந்து நட்டுவைத்தார்: 66. அந்த அம்மாளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு. விருந்தாளிகள் முன்னால் ஒன்றும் சொல்லாமல் 66-ஐப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடைக்கு ஆளனுப்பி ருவாவின் எண்ணை வாங்கி நட்டார். 33. அன்றிலிருந்து எல்லா வருஷமும் 33-தான். ஹாக்கியில் ஒரு பெண் இத்தனை உறுதியோடு கட்சி எடுத்ததை நான் பார்த்ததில்லை.

மைத்துனருக்குப் பிப்ரவரி 29. மாண்ட்ரியாலின் ஹென்றி ரிஷார் 1936-இல் பிறந்த நாள். வேறு எந்த ஆட்டக்காரரும் தொடாத அளவுக்குப் பதினொரு ஸ்டான்லி கோப்பை வாங்கியவர். பதினோராவது கோப்பை வந்த 1973 வரைக்கும் அவருக்கு வந்த பிறந்தநாள்கள் ஒன்பதே. பிறந்தநாளைவிடக் கோப்பை அதிகம் கண்ட ஒரே ஜீவன் என்று மைத்துனர் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். பெரியவர் அந்த நாளில் மட்டும் மைத்துனர் வீட்டுக்குப் போவதில்லை. நான்கு வருஷத்துக்கு ஒரு தடவைதானே, தாங்கிக்கொள்ளலாம்.

தேதியை மதித்து வாழ்ந்தவர் என்று அவர் கும்பிடுவது சிட்னி கிராஸ்பியைத்தான். பிறந்தது 1987-ஆம் வருஷம் எட்டாம் மாதம் ஏழாம் தேதி. சட்டை எண் 87. ஆண்டுக்கு 87 லட்சம் டாலர் என்றே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். பெரியவரின் மகன் பிறந்ததோ செப்டம்பர் 17 (நமக்குப் பெரியார் பிறந்தநாள்; இங்கே அலெக்ஸாண்டர் ஒவெச்கின், ஆஸ்டன் மாத்யூஸ்). மாத்யூஸ் 1997-இல் இரண்டு நாள் முந்திப் பிறந்திருந்தால் வயது வரம்புக்குள் வந்து 2015-லேயே புது வீரர் தேர்வில் வேறெங்கோ போயிருப்பார்; பிந்தியதால் 2016-இல் லீஃப்ஸ் கையில் கிடைத்தார். அந்த இரண்டு நாள் பொறுத்த தாயாருக்கு நகரத்தில் ஒரு சிலை வைக்கவேண்டும் என்பது பெரியவரின் நெடுநாள் கோரிக்கை. மகன் ஸ்கேட் மாட்டியதே இல்லை, கணக்கர் வேலை பார்க்கிறான். அது யார் குற்றம் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன குளிர்காலத்தில் மருமகளுக்குப் பிரசவ நாள் டிசம்பர் 28 என்று சொல்லியிருந்தார்கள். ஸ்கேனில் ஒற்றைக் குழந்தை என்று தெரிந்தபோதே பெரியவர் கொஞ்சம் வாடினார். இரட்டையர் என்றால் செடின் சகோதரர்கள் மாதிரி அல்லவா: 1980 செப்டம்பர் 26-இல் ஆறு நிமிஷ இடைவெளியில் பிறந்து, 1999-இல் வான்கூவருக்கு அடுத்தடுத்துத் தேர்வாகி, 2022-இல் புகழ்மண்டபத்துக்கும் ஒன்றாகவே போனவர்கள். போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த கவலைக்கு வந்தார். கனடாவில் பையன்களின் ஹாக்கிக்கு வயது கணக்கிடுவது ஜனவரி முதல் டிசம்பர் வரை. டிசம்பரில் பிறந்த பிள்ளை, தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்த தடியன்களோடு பனியில் இறங்கவேண்டும். 1980-களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார். ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் அச்சடித்த வீரர் பட்டியலைப் புரட்டிய அவர் மனைவிதான், எல்லாரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே பிறந்திருக்கிறார்களே என்று முதலில் கவனித்தவர். பெரியவர் இந்தக் கட்டுரையை அச்செடுத்து மருமகளிடமே கொடுத்தார். நான்கு நாள், நான்கே நாள் பொறுத்தால் போதும் என்றார். மருமகள் சொன்ன பதிலை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பேத்தி டிசம்பர் 31 இரவு பத்தேகாலுக்குப் பிறந்தாள்.

மறுநாள் வாழ்த்துச் சொல்லப் போனேன். அவர் பிறந்தநாள்களைக் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகம் மூடியபடி மடியில் கிடந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குத்தான் பொறுக்காமல், பல்பீர் சிங் சீனியர் டிசம்பர் 31 என்று சொன்னேன். மூன்று ஒலிம்பிக் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் நெதர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இந்தியா போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது.

"இறுதி ஆட்டத்திலா? ஐந்தா?"

நோட்டு திறந்தது. நின்ற நிலை எது என்று கேட்டார்; சென்டர் ஃபார்வர்ட். பனி இல்லை, புல்தரை என்றேன். பெருந்தன்மையோடு கையசைத்து மன்னித்தார்.

"இடப்பக்கம் அடிப்பவரா, வலப்பக்கமா?"

எங்கள் ஹாக்கியில் இடக்கை மட்டைக்கு அனுமதியே கிடையாது, எல்லாருமே வலப்பக்கம்தான் என்று விளக்கினேன். பேனா அப்படியே நின்றுவிட்டது.

"எல்லாருமா?" என்றார். "அப்புறம் அட்டையில் அந்தக் கட்டத்தில் என்னத்தைத்தான் போடுவார்கள்?"