பாட்டியின் வெள்ளிக் காசை விற்க எட்டுப் பாடங்கள்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியோ உத்தர வீதியோ, பழைய வீடென்றால் பீரோ மூலையில் ஒரு சுருக்குப் பை இருக்கும். அதற்குள் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் பத்துப் பதினைந்து கிடக்கும். வெள்ளி விலை ஏறினால் அந்தப் பைக்குத் திடீரென்று வாரிசுகள் முளைப்பார்கள். அவர்களின் நன்மைக்காக இந்த வழிகாட்டி.

1. முதலில் காசைத் துலக்குங்கள். புளி, விபூதி, பல்பொடி, எது கையில் கிடைத்தாலும் சரி. பழங்காசு சேர்ப்பவர்கள் கருமை படிந்த காசைத்தான் விரும்புவார்கள்; தேய்த்ததைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். அந்தத் தொல்லையும் விட்டது. இனி அது எடைக்குப் போடும் வெள்ளி.

2. வருடத்தைப் பார்க்காதீர்கள். 1939 வரை அடித்த ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை பாதிதான். 1947 ரூபாய் முழு நிக்கல். காந்தத்தை நீட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஆறாம் ஜார்ஜின் தலை போட்ட காசு இந்த மூன்று வகையிலும் உண்டு, பார்வைக்கு என்னவோ ஒன்றுபோலத்தான் இருக்கும். எனவே அத்தனையையும் ஒரே குவியலாகக் கொட்டுங்கள். அதிலேயே மட்டமான காசைக் கடைக்காரர் பொறுக்கியெடுத்து, மொத்தத்துக்கும் அந்த விலையே போட்டுக்கொள்வார். 1939 ரூபாய் அபூர்வம், அதனாலேயே போலியும் அதிகம் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

3. கணக்குப் போடாதீர்கள். ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பழைய ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம், பாதி வெள்ளி ரூபாயில் 5.83 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கி, தேய்மானத்துக்குக் கொஞ்சம் தள்ளினால் உருக்கு விலை வந்துவிடும். இதை வீட்டிலேயே போட்டுவிட்டால் கடையில் பேரம் பேசுகிற சுவாரசியமே போய்விடும்.

4. முதல் கடையிலேயே முடித்துவிடுங்கள். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெரிய கடைவீதிக்கு நடந்தால் போதும். மூன்று கடை ஏறி இறங்குவது கௌரவக் குறைச்சல். "டச் என்னண்ணே வருது?" என்று, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தமென்று, மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

"அழுக்கு, கழிவு, உருக்குக் கூலி எல்லாம் போகும் சார்."

"எவ்வளவு போகும்?"

"நம்ம கஸ்டமர், பாத்துப் போட்டுத் தரேன் சார்."

மனுஷர் பார்த்துத்தான் போடுகிறார். தராசு முள் எங்கே நிற்கிறது என்று நீங்கள்தான் பார்க்கவில்லை.

5. கதை சொல்லுங்கள். "1862ல அடிச்சது சார், தாத்தாவோட தாத்தா காலம்!" அதே 1862ஐப் போட்டுக்கொண்டே அதற்குப் பிறகும் பல வருடம் ரூபாய் அடித்தார்கள். கதை உள்ள காசு வேண்டுமானால் 1911ஐத் தேடுங்கள். அதில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்து, முஸ்லிம்கள் எதிர்த்து, அடுத்த வருடமே தும்பிக்கையைத் திருத்த வேண்டிவந்தது. அந்தக் காசுக்கு வெள்ளி விலைக்கு மேலே கொடுப்பவர்கள் உண்டு. நீங்கள்தான் வருடத்தைப் பார்ப்பதில்லையே!

6. லட்சத்துக்கு ஆசைப்படுங்கள். பழைய காசுக்கு ஐந்து லட்சம் என்று வாட்ஸ்அப்பில் சொன்ன ஆசாமி கமிஷனை முன்கூட்டியே கேட்டால் உடனே அனுப்புங்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்ததைக் காதில் வாங்காதீர்கள். 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி ராமர் பட்டாபிஷேகக் காசு இருந்தால் இன்னும் விசேஷம். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் என்று சொல்லி அதை வாங்க வருகிறவருக்கு மறக்காமல் காபி கொடுங்கள்.

7. தோண்டி எடுத்ததென்றால் மூச்சுவிடாதீர்கள். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடத்துச் சட்டம். பக்கத்துத் திருவானைக்காவல் கோயிலில் 2020 பிப்ரவரியில் பானை நிறைய 505 தங்கக் காசு கிடைத்தது. ஊரே பார்த்தது, அதிகாரிகளிடம் போனது. நீங்கள் மட்டும் பின்கட்டில் தோண்டியதை ராத்திரியோடு ராத்திரியாக உருக்கிவிட்டு, பிறகு ஜாமீனுக்கு ஆள் தேடலாம்.

8. சீட்டு வாங்காதீர்கள். எடை, டச், அன்றைய விலை மூன்றையும் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருப்பவரை யாரும் ஏமாற்ற முடியாது, சொந்தக்காரர்கள்கூட முடியாது.

இந்த எட்டையும் மீறி, கணக்குப் போட்டு, வருடம் பிரித்து, நாலு கடை விசாரித்துச் சரியான விலைக்கே விற்றுவிட்டீர்களா? அப்போதும் ஒரு பெரியப்பா வருவார். "அவசரப்பட்டுட்டியேடா அம்பி, எங்கிட்ட சொல்லியிருந்தா லட்சத்துக்குத் தள்ளியிருப்பேனே!" சீட்டை எடுத்துக் காட்டுங்கள். விலையை அவர் நம்ப மாட்டார். ஆனால் சீட்டில் உள்ள தொகையை வாரிசுகளின் எண்ணிக்கையால் வகுத்து, தன் பங்கைப் பைசா சுத்தமாகச் சொல்லிவிடுவார்.