ஸ்பைடர் அண்ணாச்சி

நல்ல காமிக்ஸை எவனும் ரசிப்பான், மட்டமான காமிக்ஸை ரசிக்கத்தான் தனி ஞானம் வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்சி. அவர் பாளையங்கோட்டையில் இருக்கலாம், டவுனில் இருக்கலாம், அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி ஜங்ஷனில் வந்து இறங்குபவராகவும் இருக்கலாம். பையைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஓரம் பழுப்பேறிய ராணி காமிக்ஸ் அல்லது லயன் காமிக்ஸ். புதுமைப்பித்தன் பேரையும் வண்ணதாசன் பேரையும் சொல்லிப் பெருமைப்படுகிற ஊரில் இலக்கியம் பேசி யாரையும் அசத்திவிட முடியாது. தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர் மேல்தான் விழ வேண்டியிருக்கும். அதனால் போட்டியே இல்லாத துறையாகப் பார்த்து அண்ணாச்சி இறங்கிவிட்டார். தமிழில் வந்த படுமோசமான சித்திரக்கதைகளுக்கு இன்றைய தேதியில் நெல்லைச் சீமையின் ஏகபோக அதிகாரி அவர்தான். மோசமான காமிக்ஸ் சில சமயம் நல்ல காமிக்ஸை விட அதிக சந்தோஷம் தரும் என்று அவர் சொல்வதை நானும் ஏற்கிறேன். அந்தச் சந்தோஷத்தை அவர் என்ன பாடு படுத்துகிறார் என்பதுதான் பிரச்சினை.

அவருடைய மற்ற குணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவல் தரமாட்டார், பக்கத்தில் வந்தால் அந்துருண்டை மணக்கும், என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இதெல்லாம் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். அவருக்கே உரியது கட்டம் காட்டுவது. டீக்கடையோ கல்யாண மண்டபமோ துஷ்டி வீடோ, பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தால் போதும், உறையைப் பிரிப்பார். புத்தகத்தை நம் கையில் தரமாட்டார். தன் கையிலேயே விரித்துப் பிடித்து, ஆள்காட்டி விரலை ஒரு கட்டத்தின் மேல் ஊன்றி, "இந்தக் கட்டத்த மட்டும் பாரும் வே" என்பார். விரல் அங்கே இருப்பதால் கட்டத்தில் பாதி தெரியாது. தெரியாத பாதியை அவரே நாடகக் குரலில் வாசிப்பார். வாசித்து முடித்த நிமிஷத்திலிருந்து புத்தகத்தைப் பார்க்கமாட்டார், நம் முகத்தைத்தான் பார்ப்பார். பந்தியில் பரிமாறிவிட்டு முதல் கவளம் உள்ளே இறங்கும்வரை நகராமல் நிற்கிற மாமியாரின் பார்வை அது. சிரித்துவிட்டால், "இதுக்கே சிரிச்சிட்டீரே, அடுத்த பக்கத்துல இருக்கு பாத்துக்கிடும்" என்று புரட்டுவார். சிரிக்காவிட்டால் விளக்கவுரை ஆரம்பமாகும். வில்லன் மூன்றாம் பக்கத்தில் எந்தக் கண்ணில் பட்டை கட்டியிருந்தான், இங்கே எந்தக் கண்ணில் கட்டியிருக்கிறான், கதாநாயகனைக் கட்டிப்போட்ட கயிறு அடுத்த கட்டத்தில் எங்கே போனது, இதெல்லாம் வரிசையாக வரும். மரியாதைக்குச் சிரித்துத் தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. பொய்ச்சிரிப்பைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "வெளங்கல போல" என்று முதல் பக்கத்துக்குப் போய்விடுவார். வாட்ஸப் வந்த பிறகு இந்தத் தொண்டு இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கிறது. காலை ஐந்தரைக்கு ஒரு கட்டத்தின் படம் வரும், விரல் இருந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கும். கால் மணி நேரம் கழித்து, "பாத்தேரா?"

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்த ஆள். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், வலது கை போய் அங்கே இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். உடம்போடு கோட்டு, கால்சட்டை, பூட்ஸ் எல்லாமே மறையும். மின்சாரத்தை வாங்கிக்கொண்ட இரும்புக் கை மட்டும் மறையாமல் அந்தரத்தில் மிதக்கும். இதற்கு எந்த விஞ்ஞானமும் பதில் சொல்லாது, கதையும் சொல்ல முயலவில்லை. மாயாவி பிளக் பாயிண்டில் விரலை வைப்பதைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அதில் அன்றைய மின்வெட்டுக்கும் பங்கு இருக்க வேண்டும். "2012-ல மாயாவி திருநெல்வேலியில இருந்திருந்தா, கரண்டு வருமட்டும் காத்துக் கெடந்திருப்பாம்லா" என்பது அண்ணாச்சியின் நிரந்தர நகைச்சுவை. முதல் தடவை கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு மாயாவியை மொக்கைப் பட்டியலில் சேர்ப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. அந்தக் கதைகளை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹேசுஸ் பிளாஸ்கோ. இருட்டுச் சந்தில் விழுகிற நிழலையும், தனியாக மிதந்து வந்து கதவுப் பிடியைத் திருகுகிற கையையும் அவர் வரைந்திருக்கிற விதத்துக்கு முன்னால் நம் கேள்விகள் எல்லாம் கொஞ்ச நேரம் வாயடைத்து நிற்கும். மோசமான காமிக்ஸ் எப்படி வேடிக்கையாகிறது என்பதற்கு அங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாமே மட்டமாக இருந்தால் வேடிக்கை பிறக்காது, கொட்டாவிதான் வரும். வெளிநாட்டுப் படங்களின் மேல் தாளை வைத்து நகலெடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முகம் மாறுகிற கதாநாயகர்களோடு வந்து, நாலு இதழில் காணாமல் போன பத்திரிகைகள் எத்தனையோ. அவையும் அண்ணாச்சியின் பீரோவில் இருக்கின்றன. அவற்றை எடுத்து அவர் யாருக்கும் கட்டம் காட்டியதாகத் தகவல் இல்லை. ஏதோ ஒன்றாவது நன்றாக இருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்றில் அளவு மீறிய நம்பிக்கை இருக்க வேண்டும். அப்போதுதான் மற்றது சறுக்கும்போது சத்தம் கேட்கும்.

அளவு மீறிய நம்பிக்கைக்கு ஸ்பைடரை விட நல்ல சாட்சி கிடையாது. 1965-இல் இங்கிலாந்தின் லயன் இதழில் தோன்றி, 1984-இல் தமிழ் லயன் காமிக்ஸ் தொடங்கிய கையோடு இங்கும் வந்து சேர்ந்தவர். தமிழ் வாசகர்கள் அவருக்குச் செல்லமாகக் கூர்மண்டையர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், படத்தைப் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது அவர் லட்சியம். ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுபோய் அமெரிக்காவில் கட்டி அதில் குடியிருப்பார், ஹெலிகாரில் பறப்பார், வலைத் துப்பாக்கியால் சுடுவார். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதில் நம்மூர்க் கட் அவுட்டுகள் அவரிடம் பாடம் படிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் மனம் மாறி நல்லவர்கள் பக்கம் வந்துவிடுவார். தற்பெருமை மட்டும் மாறாது. இந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். கைதேர்ந்த எழுத்தாளர்தான். கதை எங்கே போகிறது என்ற கவலையே இல்லாமல், ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தை விடப் பெரிய பொய்யாகச் சொல்லியிருக்கிறார். அதில் அரைமனசு கிடையாது, வாசகனைப் பார்த்துக் கண்ணடிப்பது கிடையாது. அதனால்தான் அது இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. அமெரிக்காவில் 1939 முதல் 1941 வரை கொஞ்ச காலமே வரைந்துவிட்டுக் காணாமல் போன ஃப்ளெட்சர் ஹாங்க்ஸ் கதையும் இதேதான். அவருடைய ஸ்டார்டஸ்ட் ஒரு வில்லனை வெறும் தலையாக்கி, தலையில்லாத ராட்சதன் ஒருவனின் கழுத்தை நோக்கி எறிகிறான். வரைந்தவர் இதை விளையாட்டாக வரையவில்லை. 2007-இல் அந்தக் கதைகள் தொகுப்பாக வந்தபோது வாசகர்கள் கொண்டாடியதற்கு அந்தச் சிரத்தையும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் அண்ணாச்சி ஒரு ஆட்சேபணை வைப்பார். தெரியாமல் செய்த தப்புக்குச் சிரிக்கலாம், தெரிந்தே செய்த கூத்துக்கு? அவருடைய ஆகப்பெரிய பொக்கிஷம் அங்கேதான் இருக்கிறது. திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரரான சி.பா.ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி குழுமத்திலிருந்து 1984 ஜூலையில் ராணி காமிக்ஸ் வந்தது. முதல் இதழே ஜேம்ஸ் பாண்ட், தலைப்பு 'அழகியைத் தேடி'. லண்டனில் 1958-இலிருந்து டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் பெரியவர்களுக்காக வந்துகொண்டிருந்த படக்கதைத் தொடர் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று வந்தது. பாண்ட் போகிற இடமெல்லாம் நீச்சல் குளம், குளத்துக்குப் பக்கமெல்லாம் பெண்கள். அந்தக் காலத்துத் தமிழ் காமிக்ஸில் இப்படிப்பட்ட பெண்களுக்கெல்லாம் மையைத் தொட்டு ஆடை கட்டிவிட்டார்கள். தண்ணீருக்குள் இருக்கிறவளுக்கும் சட்டை, வெயில் காய்கிறவளுக்கும் சட்டை, ஒரே அளவில் ஒரே கறுப்பில். இதைக் காட்டி அண்ணாச்சி சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். அந்த மைக்கு வேறொரு வேலையும் இருந்தது என்பதை அவர் யோசிப்பதில்லை. தென்காசியிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ ஒரு பையன் ஒன்றரை ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகத்தை அப்பா கண்ணெதிரே விரித்து வைத்துப் படிக்க முடிந்தது அந்த மையால்தான். யாரோ ஒரு ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷைப் பிடித்து, கட்டம் கட்டமாக உட்கார்ந்து, வெள்ளைக்காரிகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். பேர் எங்கேயும் போடவில்லை. ராணி காமிக்ஸ் மாதம் இருமுறை வந்து, 2005-இல் 500 இதழோடு நின்றும் போய்விட்டது.

அண்ணாச்சி இல்லாவிட்டால் இதெல்லாம் என்றைக்கோ பழைய பேப்பர்க்காரனிடம் போயிருக்குமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஊர் நூலகங்களில் ஸ்பைடரைக் கேட்டால் பூச்சிப் பிரிவு புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். இராமபாணப் பூச்சியிடமிருந்தும், வீட்டம்மாவிடமிருந்தும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நடக்கிற ஒழித்தெடுப்பிலிருந்தும் அவற்றைக் காப்பாற்றியது அண்ணாச்சிதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரையேறி ஜங்ஷனுக்குள்ளும் மீனாட்சிபுரத்துக்குள்ளும் வந்தபோது, ஊரெல்லாம் டிவியையும் ஆதார் கார்டையும் மேலே தூக்க, அண்ணாச்சி மாதிரி ஆட்கள் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெட்டிக்காக அவரை எத்தனை கட்டம் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறு. அந்தப் பெட்டியை அவர் யாருக்கும் திறந்துவிடமாட்டார். மோசமான காமிக்ஸின் சுகமே நாமாகப் போய் அதில் இடறி விழுவதில்தான் இருக்கிறது. உள்ளபடியே நம்பிப் படித்துக்கொண்டு வருகிற ஒருவன் பதினேழாம் பக்கத்தில் நின்று, "இதென்னடே இது?" என்று கேட்க வேண்டும். விரல் வைத்துக் காட்டிய கட்டத்தில் யாரும் இடறி விழ முடியாது. பத்து வயதுப் பையன் ஒருத்தன் புத்தகத்தைத் தொட வந்தால், "ஏல, கை ஈரமா இருக்கு, தள்ளி நில்லு" என்கிறார். யாருக்காக அச்சடித்தார்களோ அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதைக் காட்டியாயிற்று. ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார். கோவில்பட்டி தாண்டி சாத்தூரில் திரும்பினால் வருகிற அதே சிவகாசியில் லயனும் முத்துவும் 2012-இல் மறுபடி எழுந்து, நல்ல தாளில், வண்ணத்தில், ஒழுங்கான மொழிபெயர்ப்பில், சந்தா கட்டச் சொல்லிக் கூவிக்கொண்டிருக்கின்றன. புத்தகத் திருவிழா ஸ்டாலில் நின்று அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சிரிக்கதுக்கு என்ன வே இருக்கு?" என்று திரும்ப வைத்துவிடுகிறார். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கடன்பட்டு, மையைக் குழைத்து, முடிந்ததைச் செய்தவர்களைப் பார்த்துச் சிரிக்கக் காசு இருக்கிறது, இன்றைக்கு அதையே திருத்தமாகச் செய்கிறவர்களுக்குச் சந்தா கட்ட இல்லை.

வாசகர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை அவர் உறையைப் பிரிக்கும்போது புத்தகத்துக்குக் கையை நீட்டுங்கள், கொடுத்தால் வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள். கொடுக்காவிட்டால் பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிடுங்கள். எதைச் சொன்னாலும் சரி, ஏற்கெனவே படித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் பதிப்பா மறுபதிப்பா என்று கேட்பார்.