டைம் ஆபீஸ் அண்ணாச்சி

ராஜபாளையம் வட்டாரத்து நூல் மில் எதற்குள் போனாலும் டைம் ஆபீஸில் ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். மேலாளர்கள் வருவார்கள், போவார்கள். லீவு கிடைப்பதும் கிடைக்காததும் அண்ணாச்சியின் புருவத்தைப் பொறுத்தது. நம் அண்ணாச்சி மகாராஜபுரத்துக்காரர். மில் வேன் சுற்றி வரும் வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் எங்கும் அவருக்கு ஒரு சம்பந்தியோ சித்தப்பாவோ, அதுவும் இல்லையென்றால் ஒரு கடன்காரரோ உண்டு. "மாமனாருக்கு நெஞ்சுவலி அண்ணாச்சி" என்றால் பதற மாட்டார். "எந்த வார்டு? அங்க நர்ஸா இருக்கிறது நம்ம மச்சான் மகதான்" என்று செல்போனை எடுப்பார். பாதி நெஞ்சுவலி அங்கேயே குணமாகிவிடும்.

ஆடி மாதம் அவருக்குக் கொண்டாட்டம். சதுரகிரி ஏறத் தாணிப்பாறைக்குப் போகும் கூட்டம் அவர் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். முதுகுவலி என்று இ.எஸ்.ஐ. சர்டிபிகேட் கொடுத்திருந்த சைடர் தொழிலாளி ஒருவன், ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தலையில் அன்னதான அரிசி மூட்டையோடு அவர் வாசலைக் கடந்தான்.

"முதுகு என்னலே ஆச்சு?"

"மகாலிங்கத்துக்கிட்டதான் காட்டப் போறேன் அண்ணாச்சி."

சாமியையா சாட்சிக்குக் கூப்பிட முடியும்? பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்.

விதிகள் அவருக்கு மனப்பாடம். 20 நாள் வேலை பார்த்தால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. உடம்பு முடியாவிட்டால் இ.எஸ்.ஐ.யில் வருஷத்துக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது. ஆகவே இந்தப் பக்கம் இரண்டு நாள் காய்ச்சல் யாருக்கும் வருவதில்லை, வந்தால் ஒரு வாரம்தான். பேறுகால விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. பிள்ளையின் அப்பனுக்குத் தனியார் மில்லில் சட்டம் ஒரு மணி நேரம்கூடத் தரவில்லை. இ.எஸ்.ஐ. மருந்து மட்டும் குடும்பத்துக்கே உண்டு. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கிற ஆளுக்குத்தான் லீவு இல்லை.

இதனால், வீட்டில் யார் படுத்தாலும் மில் கணக்கில் படுப்பது தொழிலாளிதான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் மருமகளுக்குத் தலைசுற்றல். மகனுக்கு டெங்கு என்றால் அப்பனுக்கு மூட்டுவலி. பதிவேட்டில் இருப்பது பொய் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அந்தந்த வீட்டில் ஒருவர் படுத்துக் கிடப்பது உண்மை என்றும் தெரியும். அவருக்குப் பொய்யோடு பகை கிடையாது, அரைகுறைப் பொய்தான் ஆகாது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விவரம் தெரியாமல் 'அம்மாவுக்குக் காய்ச்சல்' என்று எழுதி நீட்டினாள். வாசித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

"அம்மா நம்ம மில்லுலயா வேலை பாக்குது? உனக்குன்னு எழுது தாயி. ஒரு வாரம்னு போடு."

தனக்கென்று லீவு எடுப்பது மட்டும் அபூர்வம். மிச்சமாகும் விடுப்பு சம்பளத்தோடு காசாகிவிடும். போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளுக்குப் பிரசவம். மூன்று நாள் வராமல் நான்காம் நாள் வந்து, 'எனக்குக் கடும் வயிற்றுவலி' என்று முறைப்படி எழுதி மேலாளரிடம் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாராம்:

"பேரனா, பேத்தியா அண்ணாச்சி?"