ஃபைபர் படகில் ஆடும் பட்டன்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

மஞ்சோங் ஆற்றில் கட்டிக் கிடக்கும் ஃபைபர் படகுகளின் கேன்வாஸ் பட்டனை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை இருக்கை அமைக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் வரலாறு. ஜெர்மானியரான ஹெரிபெர்ட் பாவர் 1885இல் இந்த அழுத்துப் பட்டனுக்குக் காப்புரிமை பெற்றார், ஆண்களின் காற்சட்டைக்காக. அதே 1885இல்தான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? கிடையாது. ஆனாலும் இப்படி ஒரு பத்தி இல்லாத ஆய்வேட்டில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடமாட்டார்.

இனி உடற்கூறு. கேன்வாஸில் இருப்பது பெண் பட்டன். உள்ளே மெல்லிய ஸ்பிரிங். படகில் ஸ்க்ரூவோடு நிற்பது ஆண் பட்டன். கேன்வாஸைப் பிய்த்து இழுக்கும்போது ஸ்பிரிங் விட்டுக்கொடுக்காமல் ஸ்க்ரூ கழன்று வருகிறது. உடனே எல்லாரும் பட்டனைத் திட்டுகிறார்கள். குற்றவாளி ஓட்டை என்பதே இவ்வாய்வின் மையக் கருத்து. ஃபைபர் என்பது பிசினில் ஊறிய கண்ணாடி நார். அதன் மேல்பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஸ்க்ரூவின் மரை அரித்த இடம் மறுபடி வளராது.

தோட்டத்து அறிவு இங்கே கைகொடுக்கிறது. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களில் பால் பிடிக்கும் மங்கு மாட்டியவர்கள், மரத்தில் ஆணி அடிக்கவில்லை. ஸ்பிரிங் கம்பியைச் சுற்றிக் கட்டினார்கள்; மரம் பருக்கப் பருக்கக் கம்பியும் இடம்விட்டது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று படகு வாங்கி, கண்ட இடத்தில் ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். இதைத் தலைமுறை இடைவெளி என்பர் சமூகவியலார்.

பழுதுபார்ப்பில் மூன்று மதங்கள் உண்டு. தீக்குச்சி மதத்தார் ஓட்டையில் குச்சியைச் செருகிப் பசை விடுவர்; ஒரு மழைக்குத் தாங்கும். பெரிய ஸ்க்ரூ மதத்தார் ஒரு நம்பர் ஏற்றுவர். மேல்பூச்சு சிலந்தி வலையாக விரியும். எபோக்சி மதம் கடினமானது. பழைய ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, அசிட்டோனால் துடைத்து, கெட்டியாகக் குழைத்த எபோக்சியை அடைத்து, ஓர் இரவு பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் நம்மவர்க்கு வராது. மறுநாள் ஓட்டையின் வாயை அகலமாகச் சரித்துவிட்டு, சின்ன டிரில்லால் துளைத்து, சீலண்ட் தடவி, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். சீலண்டைத் தவிர்த்தால், மரப்பலகை வைத்த இடங்களில் தண்ணீர் இறங்கி உள்ளே உளுக்கும்.

களப்பணியின்போது நடந்த உரையாடல் இது:

"அண்ணே, கேன்வாஸு சுருங்கிப்போச்சு. பழைய இடத்துல பட்டன் எட்டாது லா."

"அப்போ அரை இஞ்சு தள்ளி அடி."

"பழைய ஓட்ட?"

"அட, அத யாரு பாக்கப் போறா?"

எல்லாரும் பார்ப்பார்கள். ஓட்டையை மூட ஈப்போ கடையில் வாங்கிய மேல்பூச்சின் வெள்ளை வேறு, பத்து வருஷ வெயிலில் பழுத்த படகின் வெள்ளை வேறு. அடைத்த இடம் நெற்றியில் தழும்பாகத் தெரியும். நிறம் கலந்து சரிசெய்யும் முறைகள் உண்டு. அவை பெரும்பொறுமை கேட்பவை. இதற்கு மலேசியத் தமிழர் கண்ட தீர்வு எந்த அந்நிய நூலிலும் இல்லை: அந்த இடத்தில் ஒரு வேல் ஸ்டிக்கர். எங்கள் ஆய்வுப் படகில் இப்போது இடப்பக்கம் நான்கு வேல்கள், வலப்பக்கம் ஒன்று. மாசி மகத்துக்குப் பங்கோர் காளியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் அவற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறது.