முனியப்பன் எந்த ரூம்புல உக்காருவான்?

ஏங்கண்ணு, மதம்னா என்னன்னு படிக்கறதுக்கு மெட்ராசு யுனிவர்சிட்டிக்குப் போறயாமா? போ, நல்லாப் படி. அங்க சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒண்ணு, சமணத்துக்கு ஒண்ணு, கிறித்தவத்துக்கு ஒண்ணு, இஸ்லாத்துக்கு ஒரு மையம். நாமக்கல்லுல முட்டையை அட்டையில அடுக்கற மாதிரி ஆளுக்கொரு குழி. எல்லாஞ் சரி. உங்காயா கெடா வெட்டிப் பொங்க வெக்கற முனியப்பன் எந்த ரூம்புல உக்காருவான்? வராண்டாவுலயா?

சிரிக்காத. இது வெளையாட்டுக் கேள்வி இல்லை. கோர்ட்டு வரைக்கும் போன கேள்வி.

சேலம் பெரியேரியில தலைவெட்டி முனியப்பன்னு ஒரு சாமி. சனங்க முனியப்பன்னுதான் கும்புட்டாங்க. கோயிலு அறநிலையத்துறை கையில இருந்துச்சு. 2011ல புத்தர் டிரஸ்ட்டுக்காரங்க ஐகோர்ட்டுக்குப் போயி, "இது முனியப்பன் இல்லீங்க, புத்தரு"ன்னாங்க. கோர்ட்டு என்ன பண்ணுச்சு? தொல்லியல் துறையை நேருல போயிப் பாக்கச் சொல்லுச்சு. அவுங்க வந்து சந்தனம், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் தாண்டிக் கல்லை மட்டும் பாத்தாங்க. தாமரைப் பீடம். அரைப் பத்மாசனம். மடியில தியான முத்திரையில கை. சுருட்டை முடி, தொங்கற காது. தலை உடம்புல இருந்து துண்டாகிக் கெடந்து, பொறகு எவனோ சிமெண்டும் சுண்ணாம்பும் கொழைச்சு ஒட்டியிருக்கறான். 2022 சூலையில தீர்ப்பு வந்துச்சு. செலை புத்தருதான், தொல்லியல் துறை எடுத்துக்கோணும், புத்தருன்னு போர்டு வெக்கோணும், சனங்க வந்து பாக்கலாம், பூசை கீசை கூடாது.

தலை வெட்டுப்பட்டதைக் கண்டுபுடிக்க அத்தனை பேரு அளந்து பாத்தாங்களே, ஊருக்காரன் அதைப் பேருலயே வெச்சிருந்தானே, அதை யாராச்சும் கவனிச்சாங்களா?

டிரஸ்ட்டுக்காரங்க கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லை. அவுங்க சாமி தலையை எவனோ வெட்டிப்போட்டான், கேக்காம இருப்பாங்களா? (புத்தரைச் சாமின்னு சொல்லலாமான்னு படிச்சவங்களுக்குள்ள தனியா ஒரு ஓரியாட்டம் ஓடுது. அதுக்குள்ள நான் போகலை.) ஆத்தூரு பக்கம் தியாகனூருல பெரிய பெரிய புத்தரு உக்காந்திருக்கறாரு. இந்தச் சீமையில புத்தரு இருந்தது பொய்யில்லை.

ஆனா ஒண்ணு கேக்கறேன். கல்லுல இருக்கறது யாருங்கறது ஒரு கேள்வி. கல்லுக்கு முன்னால புள்ளையைத் தூக்கிட்டு வந்து நிக்கறவ யாரைக் கும்புடறாங்கறது வேற கேள்வி. மொதக் கேள்விக்கு டேப்பு புடிச்சுப் பதில் சொல்லலாம். ரெண்டாவதுக்கு அவகிட்டத்தானே கேக்கோணும்? உங்க படிப்பு பூராவும் இந்த ரெண்டையும் ஒட்டுக்காப் போட்டுக் கொழப்பறதுதான்.

இது இன்னைக்கு வந்த சீக்கும் இல்லை. 1911 சனத்தொகைக் கணக்குக்கு முன்னால கெயிட்டுன்னு ஒரு தொரை, அசல் இந்து யாருன்னு சலிச்செடுக்க ஒரு பட்டியல் போட்டான். வேதத்தை ஒத்துக்கறாங்களா? பெரிய சாமிகளைக் கும்புடறாங்களா? பொணத்தை எரிக்காமப் பொதைக்கறாங்களா? அந்தப் பட்டியலை நம்மூரு சுடுகாட்டுல வெச்சுப் படிச்சிருந்தா பாதி ஊரு பெயிலு. செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவானா?

அதுக்கு இருநூறு வருசம் முந்தியே தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தேவலாம். மதம் மாத்த வந்த ஆளுதான். ஆனாலும் தமிழங்ககிட்டக் கடுதாசி போட்டுக் கேட்டான். ஐயனாரு, மாரியாத்தா எல்லாத்தையும் சேத்து 1713ல தென்னிந்தியச் சாமிகளோட வம்சாவளியை எழுதி முடிச்சான். ஊருக்கு அனுப்பினா, "உன்னை அஞ்ஞானத்தை அழிக்க அனுப்புனமா, பரப்ப அனுப்புனமா?"ங்கற மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. பொஸ்தகம் அச்சாகறதுக்கு 1867 ஆயிருச்சு.

என்னடா, கெழவனுக்கு இதெல்லாம் எப்புடித் தெரியும்னு பாக்கறயா? பேத்தி பரிச்சைக்குச் சத்தம் போட்டுப் படிச்சா. திண்ணையில இருந்தா காது சும்மாவா இருக்கும்?

அவ படிச்சதுல சிகாகோக்காரன் ஒருத்தன் வர்றான். ஜோனத்தன் ஸ்மித்து. மதங்கறதே வாத்தியாருங்க மேசையில பொறந்த சமாச்சாரம்னு 1982ல எழுதினானாம். பொறகு தலால் அசாதுன்னு ஒருத்தரு 1993ல வந்து, எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவா மதத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது, அந்த விளக்கமே ஒரு காலத்துல, ஒரு சீமையில உண்டானதுதான்னாரு. நல்லாத்தான் சொல்லியிருக்கறாங்க. நம்ம கெயிட்டு தொரை பட்டியலைப் பாத்தாலே அது வெளங்கும்.

ஆனா அதைக் கேட்டுப்போட்டு உங்க ஆளுங்க ஆடற ஆட்டத்தைத்தான் பாக்க முடியலை. கட்டுடைக்கறமுன்னு கருத்தரங்கு. கருத்தரங்கைக் கட்டுடைக்க இன்னொரு கருத்தரங்கு. மத்தியானம் பிரியாணி. முந்தியெல்லாம் "உன் சாமி கணக்குல வராது"ன்னாங்க. இப்ப "மதம்னே ஒண்ணு கெடையாது"ங்கறாங்க. ரெண்டு தாட்டியும் முனியப்பன் வெளியதான் நிக்கறான்.

2003ல என்ன ஆச்சு தெரியுமா? நீ அப்பப் பொறந்திருக்க மாட்ட. கோயில்ல கெடா, கோழி வெட்டக்கூடாதுன்னு 1950ஆம் வருசத்துச் சட்டத்தைச் சர்க்காருல தூசி தட்டி எடுத்தாங்க. உசுருக்கு எரக்கம்னாங்க சில பேரு. அது அசல் பக்தியே இல்லைன்னாங்க சில பேரு. கெடா வெட்டறவனைக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேட்டாங்களா? அடுத்த வருசமே சட்டத்தை ரத்துப் பண்ணீட்டாங்க. அப்பக் கொஞ்ச நாளு பக்தி இல்லாம இருந்து மறுபடியும் பக்தி ஆயிருச்சா? இதைப் பாடத்துல வெச்சா, மதம்னா என்னன்னு முடிவு பண்றது யாருன்னு பசங்களுக்கு ஒரே நாள்ல வெளங்கிப்போயிரும்.

நீ வாத்தியாராகி நின்னா, மொத நாளு விளக்கம் எழுதிப் போடாத. பசங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. பூசாரி பரம்பரை யாரு, மொத மரியாதை யாருக்கு, யாரை உள்ளார விடறதில்லை, கெடாத் தலை யாருக்குப் போகுதுன்னு கேக்கச் சொல்லு. அந்தக் கேள்விக்குச் சில பேருக்கு மூஞ்சி கோணும். கோணட்டும்.

ஆடியில நம்ம முனியப்பனுக்குப் பூசை வருது. உன்ற புரொபசரையும் கூட்டியா. சைவமா, அசைவமான்னு மட்டும் முன்னாடியே போன்ல சொல்லீரு. பந்தி தனித்தனி.